போலந்து உப்பு

குங்குமம் போகவில்லை.

பழைய பல் பிரஷ்ஷின் முடியைக் கத்தரித்துக் கூராக்கி, மூச்சை அடக்கிக்கொண்டு, யக்ஞநாராயணன் ஒரு கல்லின் மேல் குனிந்திருந்தார். கல் சாதாரணச் சாம்பல் நிறம்தான். அதன் நடுவில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு நீல ஊசிகள் கொத்தாக முளைத்திருந்தன. ஒவ்வோர் ஊசியும் தலைமுடிக் கனம். புனேக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு பாறைக்குள் ஆறு கோடி ஆண்டுகள் ஒருவர் கையும் படாமல் இருந்தவை. நேற்றுக் காலை ஒன்பதேகாலுக்கு, நல்ல நேரம் பார்த்து, சேலையூர் கேம்ப் ரோடு பக்கத்துக் குடியிருப்பு ஒன்றின் இரண்டாவது மாடியில், அவற்றின் மேல் சந்தனமும் சந்தனத்தின் மேல் குங்குமமும் வைக்கப்பட்டன. ஒரு சாமந்தி இதழும் செருகப்பட்டிருந்தது.

"ரொம்பத் தேய்க்காதேங்கோ. ஊசி உடைஞ்சுடப் போறது," என்றாள் சுந்தரவல்லி, சமையலறையிலிருந்து.

"பொட்டு வைக்கறச்சே அந்த ஞானம் இருந்திருக்கணும்."

"ஒண்ணு ரெண்டு வைன்னு நீங்கதானே சொன்னேள்?"

"ஒண்ணு ரெண்டு. இருநூத்திப் பன்னெண்டு இல்லை."

"சாமி முன்னாடி ஓரவஞ்சனை பண்ணச் சொல்றேளா?"

சுந்தரவல்லி முப்பது ஆண்டுகள் பள்ளியில் கணக்கு எடுத்தவள். பதில் இல்லாத கேள்விகளைத்தான் கேட்பாள்.

நேற்று ஆயுத பூஜை. ஊரில் உள்ளவனெல்லாம் தன் தொழிலுக்கான சாமானைப் பூஜையில் வைக்கிறான். ஆட்டோக்காரன் ஆட்டோவுக்கு வாழைக்கன்று கட்டுகிறான், கீழ்வீட்டுப் பையன் லேப்டாப்புக்குப் பொட்டு வைக்கிறான். ஓய்வுபெற்ற மனிதருக்கு என்ன ஆயுதம்? கல்தான். சுந்தரவல்லி இப்படி யோசித்ததில் தப்புச் சொல்ல இடமில்லை. யக்ஞநாராயணன் தெர்மோகோல் வாங்கத் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போயிருந்த இரண்டு மணி நேரத்தில், அவளும் வேலைக்கு வரும் எல்லம்மாவுமாகக் கண்ணாடி அலமாரியைக் காலிசெய்து, கற்களைக் கூடத்தில் வெள்ளைத் துணி விரித்துப் பரப்பி, ஒன்றுவிடாமல் பொட்டு வைத்து முடித்திருந்தார்கள். அவர் திரும்பியபோது தீபாராதனை ஆகிக்கொண்டிருந்தது.

பூஜையில் வைத்ததை மறுநாள் காலை மறுபூஜை ஆகும்வரை தொடக்கூடாது. அதுதான் முறை. ஆகவே நேற்று முழுக்க அவர் சோபாவில் உட்கார்ந்து, நாலடி தூரத்தில் தம் வாழ்நாள் சேகரிப்பு பொட்டும் பூவுமாகக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சரஸ்வதியின் காவலில் இருந்தன கற்கள். ஜாமீன் கிடையாது.

இன்று விஜயதசமி. மணி எட்டரை. பதினொரு மணிக்குப் பேராசிரியர் யேசுதாசன் வருகிறார்.

யேசுதாசன் நிலவியல் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். பொத்தேரிப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் கனிம அருங்காட்சியகம் அமைக்கிறார்கள், பொறுப்பு அவரிடம். தனியார் சேகரிப்பிலிருந்து நாற்பது கற்களைத் தேர்ந்தெடுத்து ஒரு தனிக் கண்ணாடிப் பேழையில் வைப்பதாகவும், கொடுத்தவர் பெயரைப் பித்தளைத் தகட்டில் பொறிப்பதாகவும் சொல்லியிருந்தார். 'யக்ஞநாராயணன் தொகுப்பு'. தகட்டில் எத்தனை எழுத்து கொள்ளும் என்றுகூட இவர் விசாரித்துவிட்டார்.

பித்தளை ஆசை மட்டும் என்று சொல்லிவிட முடியாது. போன கோடையில் டொராண்டோவிலிருந்து மகன் அனிருத் வந்திருந்தபோது, அலமாரி முன்னால் நின்று, "அப்பா, இதெல்லாம் பின்னாடி யார் பார்த்துப்பா?" என்று கேட்டான். பின்னாடி என்றால் எதற்குப் பின்னாடி என்று அவர் கேட்கவில்லை. அன்றே சுந்தரவல்லியிடம் கேட்டார், அவள் என்ன செய்வாள் என்று. அவள் நேர்மையாக, "செடித்தொட்டியில போடுவேன். தண்ணி ஊத்தினா மண்ணு கரையாம இருக்கும்," என்றாள். அதிலிருந்து அவருக்குப் பேழை வேண்டும்.

ஆனால் யேசுதாசனுக்கு ஒரு விதி உண்டு. சேகரிப்பில் ஒரே ஒரு அட்டை பொய் என்றாலும் மொத்தத்தையும் எடுக்கமாட்டார். ஒன்று பொய்யென்றால் மற்றதை எப்படி நம்புவது என்பார். வேளச்சேரியில் ஒருவருடைய முந்நூறு கற்களை ஒரு கண்ணாடித் துண்டுக்காக விட்டுவிட்டு, காபி கூடக் குடிக்காமல் எழுந்து வந்தவர்.

அட்டை என்பது கல்லுக்கு அடியில் வைக்கும் சின்னக் காகிதச் சீட்டு. கல்லின் பெயர், கிடைத்த ஊர், கிடைத்த ஆண்டு. சேகரிப்பவர்கள் உலகத்தில் கல்லைவிட அதற்குத்தான் மதிப்பு. அட்டை இல்லாத கல், ஆதார் இல்லாத மனிதன். இருக்கிறான், ஆனால் இல்லை.

யக்ஞநாராயணனுக்கு இது சொல்லித்தர வேண்டிய விஷயமில்லை. முப்பத்தாறு ஆண்டுகள் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் இழப்பீட்டுப் பிரிவில் இருந்தவர். காகிதம் இல்லாத சாவை அவர் நம்பியதில்லை. விதவைகள் அழுதுகொண்டு நிற்பார்கள். "அழறது சரிம்மா, சர்டிபிகேட் எங்கே?" என்பார். அந்த வேலையில் புனேக்கு மாற்றலாகி இரண்டு ஆண்டு இருந்தபோதுதான், சாலையோரத்தில் கிணறு வெட்டிக்கொண்டிருந்த ஒருவன் பச்சைக் கண்ணாடி போன்ற ஒரு படிகத்தை இரண்டு இளநீர் விலைக்கு அவர் கையில் திணித்தான். வெயிலில் தூக்கிப் பார்த்தார். அவ்வளவுதான், போயிற்று. அதற்குப் பிறகு ஒரு சுரங்கத்தையும் அவர் எட்டிப் பார்த்ததில்லை. இளஞ்சிவப்பு, ஊதா, தேன் நிறம் என்று வீட்டுக்கு வந்ததெல்லாம் கூரியரில் வந்தது. மொராக்கோவும் பெருவும் கேம்ப் ரோட்டுக்கு வந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு போயின. குடியிருப்பில் இருப்பவர்கள் அவரைப் பார்த்தால், "சார், மகர ராசிக்கு எந்தக் கல் போடலாம்?" என்று கேட்பார்கள். அவர் முறைப்பார். குடியிருப்புச் சங்கச் செயலாளர் மட்டும் ராசி கேட்கவில்லை. இரண்டாவது மாடித் தளம் இத்தனை எடையைத் தாங்குமா என்று கேட்டார்.

இப்போது இருநூற்றுப் பன்னிரண்டு கற்கள் துணியின் மேல். இருநூற்றுப் பன்னிரண்டு அட்டைகள் ரப்பர் பேண்ட் போட்டு, பூஜையறைத் தட்டில்.

கல்லில் எண் எழுதி வைக்கலாம். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். இயற்கையின் மேல் மை படக்கூடாது என்பது அவருடைய கொள்கை. பதிவேட்டில் எந்தத் தட்டு, எத்தனையாவது இடம் என்று எழுதியிருந்தார். கல் அதனதன் இடத்தில் இருக்கும்வரை அது நல்ல ஏற்பாடு.

நிறமுள்ளவற்றைச் சேர்த்துவிட்டார். பச்சை, நீலம், கத்தரிப்பூ நிறமெல்லாம் அவருக்கு மனப்பாடம். மிச்சம் எழுபத்தெட்டு. ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் வெள்ளை, அழுக்கு வெள்ளை, கண்ணாடி வெள்ளை. ஒரு வெள்ளைக் கல்லை எடுத்தார். ஜல்காவ் அட்டைக்கும் பொருந்தியது. நாசிக் அட்டைக்கும் பொருந்தியது. பிரேசில் அட்டையை வைத்துப் பார்த்தார், அதற்கு இன்னும் நன்றாகப் பொருந்தியது. இருபத்தெட்டு ஆண்டுகளாக அவர் கல்லைப் படிக்கவில்லை, அட்டையைப் படித்துக்கொண்டிருந்தார் என்பது அவருக்கு முதுகுத்தண்டில் ஒரு குளிர்ச்சியாகத் தெரிந்தது. காற்றாடியை ஒரு புள்ளி குறைத்து வைத்தார்.

ஒன்பதரைக்கு எல்லம்மா வந்தாள். மாடம்பாக்கத்துக்காரி. ஒன்பது ஆண்டுகளாக இந்த வீட்டில் வேலை.

"இன்னா சார், கல்லுக்குப் பல்லு தேச்சி வுட்டுகினு கீற?"

"எல்லாம் நீ பண்ணின வேலை."

"நான் இன்னா பண்ணேன்? மாமி வெய்யின்னாங்க, வெச்சேன். காயிதம்லாம் பத்ரமா ஒண்ணா அடுக்கி ரப்பர் போட்டு வெச்சிகீறேன். ஒண்ணுகூடத் தொலையல. எண்ணிப் பாரு."

"தொலைஞ்சிருந்தாக்கூடத் தேவலை."

"எங்காத்துக்காரர் சொல்றது உனக்குப் புரியாது எல்லம்மா," என்றாள் சுந்தரவல்லி, காபி டம்ளரை அவளிடம் நீட்டி. "எந்தக் கல்லு எதுன்னு தெரியலையாம். அதான் கோபம்."

"தெரியலைன்னு யார் சொன்னா?" என்றார் அவர்.

எல்லம்மா காபியை ஆற்றிக்கொண்டே துணிப்பக்கம் பார்த்தாள். "இத்தப் போயி தெரியலைன்றீங்க. இது ரெண்டாவது தட்டு, செவுத்தோரம். தொடைக்கும்போது துணி மாட்டும். இது அதுக்குப் பக்கத்துல, குட்டி. இது மேல் தட்டு, கண்ணாடிக் கதவாண்ட. இத்தத் தூக்குனா அடியில மண்ணு கொட்டும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். வாரத்துக்கு இரண்டு தடவை வீதம் ஒன்பது ஆண்டு. அவர் கல்லைத் தொட்டதைவிட அவள் தொட்டது அதிகம். கேட்க வாய் வரவில்லை. மணி பார்த்தார், வந்தது.

"இது?"

"கீழ்த்தட்டு. முன்னாடிலேர்ந்து நாலாவது."

பதிவேட்டைப் புரட்டினார். ஜல்காவ். அட்டையை எடுத்து அடியில் வைத்தார். அவள் இடம் சொன்னாள், அவர் ஊர் சொன்னார். காலில் குத்தியது, கையைக் கிழித்தது, சோப்புத் தண்ணி பட்டால் நாறுவது என்று அவளிடம் ஒவ்வொரு கல்லுக்கும் ஓர் அடையாளம் இருந்தது. எந்தப் புத்தகத்திலும் இல்லாத அடையாளங்கள். நாற்பது நிமிடத்தில் எழுபத்தேழு கற்கள் தம்தம் ஊருக்குப் போய்ச் சேர்ந்தன.

"பாத்தேளா," என்றாள் சுந்தரவல்லி. "பேராசிரியர் வந்தா இவளையே பக்கத்துல நிறுத்திக்கோங்கோ."

"வேண்டாம்," என்றார்.

எழுபத்தெட்டாவது, உப்பு.

அதற்கு அடையாளம் வேண்டாம். உள்ளங்கை அளவு, ரோஜா நிறம், சதுரம் சதுரமாகக் கட்டிய உப்புப் படிகம். ஹேலைட். போலந்து நாட்டுச் சுரங்கத்திலிருந்து வந்தது. அவருடைய சேகரிப்பின் தலைமகன். அதன் பெருமை நிறத்தில் மட்டும் இல்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் கண்புரை அறுவை செய்துகொண்டு, புதிய கண்ணோடு அலமாரி முன்னால் வந்து நின்றபோது, படிகத்துக்கு உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு கோடு தெரிந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தார். செடி. ஒரு குச்சி, கணுக்கணுவாக. இத்தனை நாள் கண்ணில் படாமல் போயிற்றே என்று டாக்டரை வாழ்த்தினார். படம் எடுத்து, 'இருபத்தைந்து கோடி ஆண்டுத் தாவர எச்சம்' என்று எழுதி, கல் சேகரிப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். நாற்பத்து மூன்று பேர் கைதட்டினார்கள். ஒருவர் மட்டும் தட்டவில்லை. 'நேரில் பார்க்க வேண்டும்' என்று எழுதினார். அவர்தான் யேசுதாசன். இன்று அவர் வருவதே அதற்காகத்தான்.

உப்பின் தலையிலும் குங்குமம். சுந்தரவல்லி அதை எடுத்துக் குழாயடிக்குப் போனாள்.

"தண்ணி காட்டாதே!" என்று அவர் அலறினார். "உப்பு! கரைஞ்சுடும்!"

"ஆமாம்மா, கரைஞ்சிடும்," என்றாள் எல்லம்மா. "ஈரத்துணி பட்டாலே கரையுது. போன தபா..."

நிறுத்திக்கொண்டாள். கொஞ்சம் தாமதமாக.

"போன தபா என்ன?" என்றார் யக்ஞநாராயணன்.

எல்லம்மா டம்ளரைக் கழுவப் போனாள். கழுவிய டம்ளர் அது.

"எல்லம்மா."

"சார், நீ கோவப்படக் கூடாது."

"சொல்லு."

"நீ கண்ணு ஆப்ரேசன் பண்ணிகினு வந்தியே. குனியாதன்னு டாக்டரு சொல்லி, பத்து நாளு ரூமுலயே படுத்துகினு கெடந்த. அப்போ ஒருநாளு, பளபளன்னு இருக்கட்டுமேன்னு அல்லாத்தையும் ஈரத்துணியால தொடைச்சிகினே வந்தேன். இது அழுக்கா இருந்துச்சின்னு ஒரு பக்கெட்டுல ஊற வெச்சிட்டு, பாத்திரம் தேய்க்கப் போயிட்டேன். வந்து பாத்தா பக்கெட்டு கீது, தண்ணி கீது, கல்லக் காணோம்."

அவர் சுந்தரவல்லியின் கையிலிருந்து உப்பை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"யாரோ எடுத்துகினு பூட்டாங்கன்னு நெனைச்சேன். அப்பறம் தண்ணிய வாயில வெச்சிப் பாத்தேன். கரிச்சிது."

"அப்போ இது?" என்றார் அவர்.

"கேளம்பாக்கத்துல எங்கக்கா வூட்டாண்ட சவுரிமுத்துண்ணன் கீது. உப்பளத்துல வேலை. பாத்தியில தண்ணி செவந்துகினு இருக்கும்போது மூலையில ஒரு குச்சிய நட்டு வுட்டா, அதுல இந்த மாரி கட்டிக்குமாம். அதுகிட்ட ஒண்ணு அழகுக்கு வெச்சிருந்திச்சி. அதான் கேட்டு வாங்கியாந்தேன். உன்னுதவிட இது பெருசு சார். நெறம்கூட நல்லா கீது."

சுந்தரவல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று யாரும் நினைத்திருக்க முடியாது.

இருபத்தைந்து கோடி ஆண்டுகள் பூமிக்கடியில் காத்திருந்த ஒரு பொருள் சேலையூரில் ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டில் அரை மணி நேரத்தில் முடிந்துபோயிருக்கிறது. அதுகூடப் பரவாயில்லை. முடிந்தது தெரியாமல் மூன்று ஆண்டுகளாக ஒருவர் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

மணி பத்து இருபத்தைந்து.

அவர் மேஜைக்குப் போய் ஒரு வெற்று அட்டையை எடுத்தார். பேனாவைத் திறந்தார். 'ஹேலைட்' என்று எழுதினார். அடுத்த வரியில் 'கே' என்று எழுதி நிறுத்தினார்.

"முழுசா எழுதுங்கோ," என்றாள் சுந்தரவல்லி பின்னால் நின்று. "உள்ளதைச் சொல்லிடுங்கோ. வேலைக்காரி கரைச்சுட்டா, எனக்குத் தெரியலைன்னு."

"எனக்குத் தெரியலைன்னா?"

"தெரியலைதானே."

"முப்பது வருஷமாக் கல் பார்க்கறவன், கேளம்பாக்கம் உப்புக்கும் போலந்து உப்புக்கும் வித்தியாசம் தெரியலைன்னு அவர் முன்னாடி சொல்லணும். இல்லையா?"

"இருபத்தெட்டு வருஷம்," என்றாள் கணக்கு டீச்சர்.

அவர் அட்டையைக் கிழித்தார். பழைய அட்டையை, தங்க நிற மையில் எழுதியதை, உப்புக்கு அடியில் வைத்தார். போலந்து போலந்தாகவே இருந்தது.

யேசுதாசன் பதினொன்றுக்குப் பத்து நிமிடம் முன்னாலேயே வந்துவிட்டார். குள்ளம், கனத்த கண்ணாடி, சட்டைப்பையில் இரண்டு லென்ஸ். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "குங்கும வாசனை வருதே, பூஜையா?" என்றார். கற்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் கல்லை எடுத்து, அட்டையைப் படித்து, கல்லை மறுபடி பார்த்து, கீழே வைத்தார். ஒரு வெள்ளைக் கல்லை மட்டும் நாலு நிமிடம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அடியில மண் ஒட்டியிருக்கு. ஜல்காவ் மண்தான். பலே, கழுவாம வச்சிருக்கீங்க," என்றார். சமையலறை வாசலில் நின்றிருந்த எல்லம்மா தலையை ஆட்டினாள். அவளுக்குத் தெரிந்த மண் அது.

முப்பத்தொன்பது கற்களைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு யேசுதாசன் கைகளைத் துடைத்துக்கொண்டார்.

"இப்ப அதைக் காட்டுங்க."

யக்ஞநாராயணன் உப்பைக் கொண்டுவந்து வைத்தார். அட்டையை நேராக நிமிர்த்தி வைத்தார். இழப்பீட்டுப் பிரிவில் பழகிய கை.

யேசுதாசன் முதலில் ஒரு லென்ஸால் பார்த்தார். பிறகு இன்னொரு லென்ஸால். பிறகு நாக்கு நுனியால் ஓர் ஓரத்தைத் தொட்டார். நிலவியல்காரர்கள் கல்லை நக்குவது தொழில் தர்மம். கண்ணை மூடி ருசி பார்த்தார்.

"சார்," என்றார் மெதுவாக. "போலந்துல சவுக்கு வளருதா?"

"என்ன?"

"சவுக்கு. இந்தக் குச்சி. கணுக்கணுவா இருக்கு பாருங்க. வருஷா வருஷம் பசங்களைக் கோவளத்துக்குக் கூட்டிட்டுப் போயி சவுக்குத் தோப்பு நிழல்லதான் சோறு தின்னிருக்கேன். சோத்துல விழும். எனக்குத் தெரியாதா? அப்பறம் இது கசக்குது. சுரங்க உப்பு இப்படிக் கசக்காது. இது கடல் உப்பு, உப்பளத்து உப்பு. அஞ்சு வயசுகூட இருக்காது இதுக்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். வேளச்சேரியில் எழுந்த மாதிரி எழுந்திருக்கப் போகிறார் என்பது தெரிந்தது. சமையலறையில் எல்லம்மா கதவுக்குப் பின்னால் போய்விட்டாள். சுந்தரவல்லி காபியோடு நடுக்கூடத்தில் நின்றுவிட்டாள்.

யக்ஞநாராயணனுக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. ஏமாற்றுக்காரர் ஆகலாம், அல்லது ஏமாந்தவர் ஆகலாம். வாழ்நாளெல்லாம் ஏமாற்றுக்காரர்களோடு பழகியவர் அவர். செத்துப்போன மாமனாருக்கு மூன்று பாலிசி எடுத்தவன், தானே தன் கடைக்குத் தீ வைத்தவன். அவர்கள் மேல் அவருக்கு உள்ளூர ஒரு மரியாதை உண்டு. ஏமாந்தவர்கள் மேல் இருந்ததில்லை. எனவே யோசிக்க அதிக நேரம் பிடிக்கவில்லை.

அவர் பெரிதாகக் கைதட்டினார்.

"கண்டுபிடிச்சுட்டேள்!"

"என்ன சார்?"

"பரீட்சை சார், பரீட்சை. நான்தான் வச்சேன். கேளம்பாக்கம் உப்பு, கோவளம் சவுக்கு. என் கல்லையெல்லாம் ஒருத்தர்கிட்ட ஒப்படைக்கப் போறேன். அவருக்குக் கல்லு தெரியுமா தெரியாதான்னு நான் பார்க்க வேண்டாமா?"

யேசுதாசன் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "பரீட்சையா? எனக்கா?"

"தப்பா நெனைச்சுக்கப் படாது."

"அப்ப அந்த வாட்ஸ்அப் படம்?"

யக்ஞநாராயணன் அதை யோசித்திருக்கவில்லை. வாய் தானாக யோசித்தது. "அதுவும்தான். நாப்பத்து மூணு பேர் ஃபெயில்."

பேராசிரியரின் காதுகள் சிவந்தன. முகம் மெல்ல விரிந்தது. "நாப்பத்து மூணு பேரா! அந்த மாம்பலத்து ஆளுமா? என்னைய அன்னிக்கு என்ன பேச்சுப் பேசினான்! 'வயசானா சந்தேகம் ஜாஸ்தி'ன்னான் சார்!" தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "முப்பத்திரண்டு வருஷம் நான் எல்லாருக்கும் பரீட்சை வச்சேன். எனக்கு எவனும் வச்சதில்ல. தேறினது எத்தனை பேர்?"

"நீங்க ஒருத்தர்தான்."

"பலே," என்றார் யேசுதாசன். உலகத்தில் நியாயம் இருக்கிறது என்று அறிந்தவர் முகத்தோடு காபியை வாங்கிக்கொண்டார்.

"உங்க விதி ஒண்ணு இருக்கே," என்றாள் சுந்தரவல்லி. கணவர் அவளைப் பார்த்த பார்வையில் படிகம் உருகியிருக்கும். "ஒரு அட்டை பொய்யா இருந்தாலும் எடுக்க மாட்டேளாமே."

"தெரியாம வச்சாத்தாம்மா பொய். தெரிஞ்சு வச்சா அது கேள்வித்தாள்." காபியை ஒரு மிடறு குடித்தார். "சரி, ஒரிஜினல் எங்கே? போலந்து?"

"லாக்கர்ல," என்றார் யக்ஞநாராயணன். "பேங்க் லாக்கர்ல இருக்கு. இந்த ஈரக்காத்துல வீட்டுல வைக்க முடியாதே."

"ரொம்ப சரி. கரைஞ்சுடும். நாளைக்கு வண்டி அனுப்பறேன், அதையும் சேர்த்துக் கொடுத்துடுங்க. நடுவில வைக்கணும், அதுக்குன்னு தனி விளக்கு."

சுண்டல் சாப்பிட்டார், சுந்தரவல்லியிடம் கொலுவுக்கு எத்தனை படி என்று விசாரித்தார், போனார். படியிறங்கும்போது "நாப்பத்து மூணு பேர்" என்று தனக்குள் ஒருமுறை சொல்லிக்கொண்டது மேலே கேட்டது.

கதவைச் சாத்தியதும் எல்லம்மா வெளியே வந்தாள்.

"இன்னா சார் நீ! ஆத்தாடி. நான் செத்தேன்னு நெனைச்சேன். என்னையும் மாட்டி வுடாம, நீயும் மாட்டிக்காம... எம்மாம் பொய்யி! எனக்கெல்லாம் வராது சார்."

"போய் வேலையைப் பாரு."

"பாக்கறேன். இப்ப லாக்கருக்கு இன்னா பண்ணுவ? சவுரிமுத்துண்ணன் நம்பர் தரட்டா? இந்த தபா குச்சி தெரியாம கட்டச் சொல்லலாம்."

யக்ஞநாராயணன் அவளை முறைத்தார். ராசி கேட்பவர்களை முறைக்கும் அதே முறைப்பு. பிறகு மேஜையிலிருந்து ஒரு வெற்று அட்டையை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"எழுதத் தெரியாது சார்."

"சொல்லு," என்றார். நம்பரை எழுதிக்கொண்டார்.

மறுநாள் காலை பத்தேகாலுக்கு வண்டி வந்தது. முப்பத்தொன்பது கற்களைப் பஞ்சு வைத்துத் தெர்மோகோல் பெட்டிகளில் அடுக்கி ஏற்றினார்கள். அட்டைகள் அதனதன் கல்லோடு போயின. வண்டியோடு வந்தவர் ரசீதில் கையெழுத்து வாங்கிக்கொண்டார், நாற்பது என்று இருந்ததை அடித்து முப்பத்தொன்பது என்று திருத்தினார். எல்லம்மா அன்று விடுமுறை எடுத்திருந்தாள். சுந்தரவல்லி கொலுப் பொம்மைகளைக் காகிதத்தில் சுற்றிப் பரண்மேல் ஏற்றினாள். சாப்பிட்டுவிட்டு யக்ஞநாராயணன் தாம்பரத்திலிருந்து பஸ் பிடித்து, வண்டலூர் வழியாகக் கேளம்பாக்கம் போனார். உப்பளத்தில் சவுரிமுத்து பாத்தி வரப்பில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். என்ன நிறம் வேண்டும் என்று கேட்டார். இளஞ்சிவப்பு என்றார் இவர். குச்சிக்குப் பதில் மீன்பிடிக்கிற தங்கூசி நூல் போட்டால் உள்ளே தெரியாது, ஆனால் மழை தொடங்கப்போகிறது, பாத்தியெல்லாம் நாளைக்கு மூடுகிறோம், இனி தை பிறந்துதான் என்றார் சவுரிமுத்து. இவர் சரி என்றார். பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் நின்றார். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. லாக்கர் சாவி மகனிடம் டொராண்டோவில் இருக்கிறது, பொங்கலுக்கு மேல் வரும் என்று யேசுதாசனுக்கு வாட்ஸ்அப்பில் எழுதினார். வீட்டுக்கு வருவதற்குள் பதில் வந்திருந்தது. பரவாயில்லை, இடம் விட்டு வைக்கிறோம் என்று எழுதியிருந்தார்.